டிக்கியில் இருந்த ஏர் கிளீனர்

அந்தக் காரில் பிரேக் இரண்டு. ஓட்டுகிறவர் காலடியில் ஒன்று, பக்கத்து இருக்கையில் சொல்லிக்கொடுக்கிறவள் காலடியில் ஒன்று. பல வருடமாக அந்த இரண்டாவது பிரேக்கின் மேல் காலை வைத்தே உட்கார்ந்திருப்பதால், கார் ஓட்டப் பழக வருகிறவர்கள் அவளுக்குப் பிரேக் டீச்சர் என்று பெயர் வைத்துவிட்டார்கள். பெயருக்கேற்ற பொம்பளைதான். எந்த வம்பையும் முளையிலேயே நிறுத்தத் தெரிந்தவள். வீட்டுக்குள் நடந்ததை மட்டும் அவளால் நிறுத்த முடியவில்லை.

அவள் கணவன் மெக்கானிக். மெக்கானிக்காக இருந்தவன் என்று சொன்னால் இன்னும் சரி. அவன் சர்வீஸ் செய்து அனுப்பிய கார் ஒன்று சரிவில் நிற்காமல் ஓடிச் சுவரில் மோதி, ஓட்டியவருக்குக் கால் முறிந்தது. வண்டியைச் சோதித்த அதிகாரி, பிரேக் குழாயை எலி கடித்திருக்கிறது, அதுவும் சர்வீஸ் முடிந்து போன பிறகுதான் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். கால் முறிந்தவரே ஆள் அனுப்பி, மனசில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்றார். எல்லோரும் ஒத்துக்கொண்டதை இவன் ஒருவன்தான் ஒத்துக்கொள்ளவில்லை. "நான் குனிஞ்சு பாத்திருக்கணும்" என்று ஒரே பாட்டு. பிறகு அந்தப் பாட்டும் நின்றது. எட்டு மாதம் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தான். ஸ்பேனரைத் தொடவில்லை, ஷெட் கதவைத் திறக்கவில்லை. சாப்பாடு வைத்தால் சாப்பிட்டான், வைக்காவிட்டால் கேட்கவில்லை.

அந்த முதுகோடு தினமும் அவள் பேசிக்கொண்டிருப்பாள். சுவரோடு பேசுவதற்கு இது மேல் அல்லவா? அப்படி ஒருநாள் பேச்சுவாக்கில், கார் மேடு ஏறும்போது மூச்சிரைக்கிறது என்று சொல்லிவைத்தாள். சும்மா சொன்னதுதான்.

மறுநாள் குளித்துவிட்டு வந்தவள் காதில் இரும்பு தட்டும் சத்தம் விழுந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால், ஷெட் திறந்திருக்கிறது, பானெட் தூக்கியிருக்கிறது, அவன் கையெல்லாம் கருப்பு. இன்ஜினுக்குப் போகும் காற்றை வடிகட்டுகிற ஏர் கிளீனர், செங்கல் பருமனில் ஒரு பிளாஸ்டிக் பெட்டி, அதைக் கழற்றிச் சுவர் ஆணியில் மாட்டியிருந்தான். அது இருந்த இடத்தில் வளைந்த குழாய் ஒன்றும், அதன் நுனியில் கூம்பு வடிவத்தில் ஒரு பில்டரும் திறந்தபடி நின்றன.

"பெட்டிக்குள்ள அடைச்சு வெச்சா எப்படி மூச்சு விடும்? இப்பப் பாரு" என்று ஆக்சிலேட்டரை மிதித்தான். அந்தச் சின்னக் கார் தன் உருவத்துக்குப் பொருந்தாத குரலில் உறுமியது. அவன் சிரித்தான். அவளுக்குச் சத்தமும் காதில் ஏறவில்லை, குழாயும் கண்ணில் படவில்லை. அந்தச் சிரிப்பைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அன்றிலிருந்து சாயங்காலம் தெருவில் உறுமல் கேட்டால் போதும், அவன் எழுந்து வந்து கேட்டைத் திறந்துவிட்டு நிற்பான். முகம் மழித்திருப்பான். நாத்தனார் வந்து பார்த்துவிட்டு, சமையலறையில் அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "எங்க அண்ணன் திரும்பி வந்துட்டான் அண்ணி. எதையாவது சொல்லி மறுபடி படுக்க வெச்சிடாதீங்க." அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம். ஆனால் சொல்லிவிட்டாளே.

சிக்கல் வகுப்பில் ஆரம்பித்தது. பிரேக் டீச்சர் காது வழியாகச் சொல்லிக்கொடுப்பவள். முதல் நாள் வண்டியை நகர்த்தவே விடமாட்டாள். கண்ணை மூடச் சொல்லி, ஆக்சிலேட்டரை மெல்ல அழுத்தச் சொல்லி, தூக்கத்தில் குழந்தை முனகுவதுபோல் இன்ஜின் முனகும்போது கிளட்சை விடு என்பாள். எத்தனையோ பேர் அந்த முனகலைப் பிடித்துக்கொண்டுதான் லைசென்ஸ் வாங்கினார்கள். இப்போது முனகலுக்கு எங்கே போவது? காலை வைத்ததும் உறுமுகிறது. பழகுகிறவர்கள் பயந்து காலை எடுக்கிறார்கள், வண்டி குலுங்கி நின்றுபோகிறது. போதாக்குறைக்கு, வெயிலில் ஊர்ந்து போனால் முன்பிருந்த இழுவையும் இல்லை. பெட்ரோல் பங்கில் டயருக்குக் காற்றுப் பிடிக்கிறவர் பானெட்டைத் திறந்து பார்த்துச் சிரித்தார். பழைய பெட்டி முன்பக்கத்துக் குளிர்ந்த காற்றை இழுத்தது, இது இன்ஜின் சூட்டில் வெந்த காற்றையே இழுக்கிறது என்றார். "வேகமாப் போறவனுக்கு இது சரிம்மா. நீங்க எருமை மாதிரி ஊர்ற ஆளு."

அதையும் பொறுத்திருப்பாள். ஒருநாள் பழக வந்த தையல்காரம்மா ஒருத்தி ஓட்டிக்கொண்டிருந்தாள். சந்திப்புக்கு முன்னால் ஒரு மேடு. பச்சை விழுந்ததும் ஆக்சிலேட்டரை மிதித்தாள், உறுமல் கேட்டதும் வெலவெலத்து, கிளட்சை மிதித்தபடியே மற்றக் காலைத் தூக்கிவிட்டாள். வண்டி பின்னால் உருண்டது. பின்னால் பள்ளிக்கூட வேன், ஜன்னலெல்லாம் குழந்தைகள். டீச்சர் தன் பிரேக்கை ஓங்கி மிதித்தாள். இடைவெளி ஒரு முழம் இருந்திருக்கும். தையல்காரம்மா ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதாள். தனக்கும் அழுகை வந்ததை டீச்சர் காட்டிக்கொள்ளவில்லை.

இதை வீட்டில் போய் எப்படிச் சொல்வது? சரிவில் உருண்ட காரால் படுத்தவனிடம், உங்கள் கைவேலையால் இன்னொரு கார் உருண்டது என்று சொல்வதா? அதைவிட அவன் தலையில் கல்லைத் தூக்கிப் போட்டுவிடலாம். சொல்லாமல் அப்படியே ஓட்டுவதா? அந்த வேன் ஜன்னல்கள் கண்ணை விட்டுப் போகவில்லை.

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தைப் பண்ணலாம் என்பார்கள். பண்ணின கல்யாணத்தைக் காப்பாற்ற எத்தனை பொய் என்று யாரும் சொல்லிவைக்கவில்லை. அவள் ஆணியில் தொங்கிய பழைய பெட்டியை எடுத்து டிக்கியில் ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் சாக்குப் போட்டு ஒளித்தாள். காற்றுப் பிடிக்கிறவரிடம் கழற்றி மாட்டும் வித்தையைக் கற்றுக்கொண்டாள். தினமும் காலையில் உறுமிக்கொண்டே வீட்டைவிட்டுக் கிளம்புவாள். இரண்டு தெரு தள்ளி, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நிறுத்திக் கூம்பைக் கழற்றிப் பெட்டியை மாட்டுவாள். சாயங்காலம் அதே இடத்தில் பெட்டியைக் கழற்றிக் கூம்பை மாட்டி, உறுமிக்கொண்டே வீட்டுக்கு வருவாள். அவன் கேட்டைத் திறந்துவிட்டு நிற்பான்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. காலையில் பரவாயில்லை. சாயங்காலம் இன்ஜின் கொதிக்கும். குழாயை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்பின் திருகு அவள் ஸ்குரூடிரைவருக்கு அடங்காது, வழுக்கி வழுக்கித் தலையே தேய்ந்துபோனது. மணிக்கட்டில் சூடு பட்டுக் கொப்புளம் எழுந்தது. தோசைக்கல் என்று சொல்லிவைத்தாள். அவன் ஒன்றும் கேட்காமல் மருந்து தடவிவிட்டான். அந்த விரல்களின் இதத்தில் அவளுக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது. அவன்மேலும் கோபம் வந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். பிழைப்புக்கு இருக்கும் ஒரே வண்டி, அதில் கை வைப்பதற்கு முன் ஒரு வார்த்தை கேட்டானா?

இப்படியே வாரங்கள் போயின. ஒரு காலை, வழக்கம்போலத் தொட்டிக்குப் பின்னால் பானெட்டைத் தூக்கியவள் ஸ்குரூடிரைவரைக் கையில் பிடித்தபடி நின்றுவிட்டாள். தலை தேய்ந்த கிளாம்பைக் காணோம். அந்த இடத்தில் புதிதாக ஒன்று. அதன் திருகில் முயல் காதுபோல இரண்டு மடல்கள் இருந்தன. விரலால் திருகினாலே போதும், ஸ்குரூடிரைவர் வேண்டாம்.

டிக்கியைத் திறந்து சாக்கை விலக்கினாள். பெட்டியில் உடைந்திருந்த கொக்கிக்குப் பதிலாகக் கம்பி வளைத்து ஒரு புதுக் கொக்கி போட்டிருந்தது. பெட்டியைத் துடைத்தும் வைத்திருந்தான்.

அன்று முழுக்க அவள் என்ன சொல்லிக்கொடுத்தாள் என்று அவளுக்கே தெரியாது. சாயங்காலம் தொட்டிக்கருகே வண்டி நின்றது. கூம்பை எடுத்தாள், பார்த்தாள், திரும்ப வைத்து டிக்கியைச் சாத்தினாள். சத்தமில்லாமல் வீட்டுக்கு ஓட்டினாள். கேட் மூடியிருந்தது. மறுபடி கட்டிலும் சுவரும்தானா என்று நினைத்தபடி தானே இறங்கித் திறந்து வண்டியை உள்ளே விட்டாள்.

அவன் ஷெட்டில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான்.

"எப்பலேருந்து தெரியும்?"

"மொத நாள்லேருந்தே. காலைல உறுமிக்கிட்டுப் போற வண்டி தொட்டிகிட்ட நின்னு அமைதியாயிடுது. சாயங்காலம் அங்கேருந்துதான் மறுபடி உறுமிக்கிட்டுக் கெளம்புது. எட்டு மாசம் படுத்துக் கெடந்தவனுக்குக் காதைத் தவிர வேற என்ன வேலை?"

"தெரிஞ்சும் எதுக்கு தினமும் வந்து கேட்டைத் திறந்தீங்க?"

"கையைச் சுட்டுக்கிட்டு மாட்டிட்டு வர்ற. வந்து நிக்காம இருக்க முடியுமா?"

அவளுக்கு அழுவதா அடிப்பதா என்று தெரியவில்லை. அவனைத் தான் சுமப்பதாக நினைத்துக்கொண்டிருந்தாள். அவனும் அவளைத்தான் சுமந்துகொண்டிருந்திருக்கிறான். கேட்கப் பயந்ததைக் கேட்டே விட்டாள். "அப்போ நீங்க நல்லா இருந்ததெல்லாம்?"

அவன் யோசித்துத்தான் சொன்னான். "மொத நாள் நெஜமாவே நல்லா இருந்துச்சு."

இதற்குமேல் மறைக்க என்ன இருக்கிறது? தையல்காரம்மா, மேடு, வேன், ஜன்னலில் குழந்தைகள், எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். சொல்லச் சொல்ல அவன் முகத்தில் ரத்தம் வற்றியது. தலையில் கல்லைப் போட்டாயிற்று என்றே நினைத்தாள்.

"யாருக்காவது..."

"இல்லைங்க. என் கால் பிரேக்லதான் இருந்துச்சு."

அவன் எழுந்தான். அவள் வீட்டுக்குள் போகிற வழியைப் பார்த்தாள். அவன் அந்தப் பக்கம் போகவில்லை. அலமாரியிலிருந்து டார்ச்சை எடுத்தான். பானெட்டைத் திறக்கவில்லை, கூம்பைப் பற்றிக் கேட்கவும் இல்லை. காருக்குப் பக்கத்தில் பழைய சாக்கை விரித்து மண்டியிட்டான். குனிய முடியாதவன்போல் ஒருமுறை தயங்கினான். அப்புறம் குனிந்து வண்டிக்கு அடியில் தலையை விட்டான். பிரேக் குழாய் நெடுக டார்ச் வெளிச்சம் மெதுவாக நகர்ந்தது.

"உள்ள ஏறி உக்காரு" என்று அடியிலிருந்து குரல் வந்தது. அவள் தன் பிரேக் இருந்த பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள்.

"மிதி" என்றான்.

மிதித்தாள்.