இர்பான் போன பப்

இங்கிலாந்தில் வேலை பார்த்த தம்பி இர்பான் பப்புக்குப் போகிறான் என்று யாரோ சொன்னதிலிருந்து, கீழக்கரையில் சூஃபியா அவன் போனை எடுக்கவே இல்லை. குடிகாரனோடு என்ன பேச்சு என்று இரண்டு வருடம் வைராக்கியமாக இருந்துவிட்டாள்.

அவன் மவுத்தாகி அடக்கமான மறுவாரம், அந்த பப்பை நடத்தும் வெள்ளைக்காரக் கிழவி வீடியோவில் அழைத்தாள். மகள் சஃபா கேட்டுக் கேட்டுத் தமிழில் சொன்னாள்.

“உம்மா, மாமா அங்கன ஜூஸ்தான் குடிப்பாகளாம். ரூம்ல தனியா இருக்க முடியாம, பேச ஆளு தேடித்தான் தினமும் போயிருக்காக. ஆஸ்பத்திரியில கிடந்தப்ப அந்தச் சனங்கதான் மாத்தி மாத்திப் பக்கத்துல இருந்திருக்கு.”

“இந்த லாத்தாவப் பத்தி எதுவும் சொன்னானாமா?”

சஃபா கிழவியிடம் கேட்டுச் சொன்னாள். “எங்க லாத்தா போன் ரிப்பேருன்னு சொல்லிக்கிட்டே இருந்தாகளாம்.”

சூஃபியா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவள் அழுது முடியும்வரை கிழவி அழைப்பைத் துண்டிக்கவில்லை.