யாருடைய மான்?

என் புருஷன் ஹெய்க்கா கோபக்காரன் இல்லை. ஆனால் எங்கள் ஊர் யோக்மோக் பக்கத்துப் பைன் காட்டுச் சரிவு விஷயத்தில் மட்டும் ஆளே வேறு. மரக் கம்பெனிக்காரர்கள் நெருக்கி நெருக்கி நட்டுவிட்டுப் போன இடம் அது. தரையில் வெயில் விழாமல், குளிர்காலத்தில் எங்கள் பனிமான்கள் தின்கிற வெண்பாசி அடியோடு அழிந்துவிட்டது. பாதி மரங்களை வெட்டி இடம் விட்டோம். பழைய காட்டிலிருந்து பாசியைச் சாக்குச் சாக்காக அள்ளி வந்து கையால் தூவினோம். அது தரையை மூடி வளரும்வரை மான் வாய் படக் கூடாது என்று சுற்றி வேலியும் போட்டோம்.

அந்த வேலியைத்தான் எங்கள் பெண்மான் முசேத் மதிக்கவில்லை. தாய் செத்துப்போன குட்டியாக வந்தவளை அடுப்பங்கரையில் வைத்துப் புட்டிப்பால் கொடுத்து வளர்த்தது நான்தான். மனிதர்கள் கட்டிய எதற்கும் பயப்பட அவளுக்குத் தெரியாது. கம்பிக்கு அடியில் புகுந்து வழி பண்ணினாள். பின்னாலேயே மந்தையில் பாதி போயிற்று. இரண்டாம் முறையும் தூவியதெல்லாம் தீர்ந்தபோது, இலையுதிர்காலத்தில் எல்லோருடைய மான்களையும் பட்டியில் அடைத்து அவரவர் மந்தையைப் பிரிக்கையில் அவளைக் கசாப்பு லாரியில் ஏற்றிவிடப் போவதாக ஹெய்க்கா சொன்னான். நான் வாதாடவில்லை. அவன் சொன்னது நியாயம். அன்றைக்கு அவளுக்கு ஒரு ரொட்டி கூடுதலாகக் கொடுத்தேன்.

பிரிக்கிற நாளும் வந்தது. பட்டிக்குள் மான்கள் சுற்றிச் சுற்றி ஓடின. ஏரிக்கு அக்கரையில் போகும் மானைக்கூட நடையை வைத்தே யாருடையது என்று சொல்லிவிடுவான் ஹெய்க்கா. சந்தேகம் வந்தால் எல்லோரும் அவனைத்தான் கேட்பார்கள். முசேத் ஓடவில்லை. நேராக அவனிடம் வந்து, கோட்டுப் பையில் ரொட்டி இருக்கிறதா என்று மூக்கை நுழைத்தாள்.

என் தம்பி பியெர்னா அவள் கொம்பைப் பிடித்தான்.

"மச்சான், இது உங்களுது. லாரிக்குத்தானே?"

ஹெய்க்கா அவள் காதைத் திருப்பிப் பார்த்தான். யாருடைய மான் என்று காட்ட, குட்டியில் தன் கத்தியாலேயே வெட்டிய அடையாளம். காதை விட்டுவிட்டான்.

"தெரியலையே. யாருதோ."

பட்டியே சிரித்தது. எங்கள் மேய்ப்பர்களில் ஒருவன் தன் மானைத் தெரியாது என்பது, பெற்ற பிள்ளையைத் தெரியாது என்பது மாதிரி. சாகும்வரை சொல்லிக் காட்டுவார்கள். முகம் சிவந்துபோய் நின்றான். சொன்னதை மட்டும் மாற்றிக்கொள்ளவில்லை. எனக்கு அவன்மேல் அப்படியொரு ஆசை பொங்கியது.

"யாருதும் இல்லேன்னா எனக்குக் குடுடா," என்றேன் தம்பியிடம்.

ஹெய்க்கா என் பக்கம் திரும்பவேயில்லை. பையிலிருந்து ரொட்டியை எடுத்து முசேத்தின் வாயில் வைத்தான்.

"உன் மானா? அப்ப இந்தத் தடவை பாசி மூட்டை பூரா உன் முதுகுலதான்."