தூர நிண்டு பார்

தூர நிண்டு பாத்தாக் காணும் பிள்ளை, உள்ளுக்குப் போகாதை, பொடியனோடை கதை குடுக்காதை... அம்மா இதை ஒருதரம் சொல்லியிருந்தால் சரி என்று விட்டிருப்பேன், ஒரே ரெலிபோனில் திரும்பத் திரும்பச் சொன்னாள், கொழும்பு வெள்ளவத்தை லொட்ஜில் வரிசையில் நின்ற சனமெல்லாம் கேட்டிருக்கும், ஏன் அம்மா, நான் என்ன பொடியனைக் கடித்துத் தின்னவா போகிறேன் என்று கேட்டதற்கு, நல்ல குடும்பத்துப் பெண் பேச்சுக்கால் நடக்கிற நேரம் மாப்பிள்ளையோடு நேரே கதைக்கிறதில்லை என்றாள், நான் என்ன பொம்பிளையா, பொம்பிளையின் அக்கா, கலியாணம் கட்டிப் பத்து வருசம், பாஷையூரிலிருந்து லண்டனுக்கு வந்து சேர்ந்தும் அதே அளவு... பஸ் நோர்பரி ஸ்ரேசனைத் தாண்டி நின்று நின்று போகிறது, மேல்தட்டில் முன்சீற், கண்ணாடி முழுக்க மழை, கையால் துடைத்துத் துடைத்துப் பார்க்கிறேன். ஊரில் என்றால் மாப்பிள்ளையை விசாரிக்க எத்தனை பேர், பங்குத் தந்தையைக் கேட்கலாம், அயலைக் கேட்கலாம், வள்ளமும் வலையும் வைத்திருக்கிற சம்மாட்டி வீட்டில் கேட்கலாம், இங்கே யாரைக் கேட்பது, சம்பந்தம் கொண்டுவந்த செபஸ்தியாம்பிள்ளை அண்ணையைக் கேட்டால் தங்கமான பொடியன் என்பார், அவர் கொண்டுவந்த எல்லாப் பொடியனும் தங்கம்தான், தமிழ்ப் பூசைக்கு வருகிற எல்லாத் தாய்மாருக்கும் அவரிடம் ஒரு தங்கம் இருக்கிறது. பேர் ஞானரட்ணம், ஸ்றெதம் ஹை றோட்டில் பெரிய உடுப்புக் கடையில் மனேச்சர், ஈஸ்ற்ஹாமில் அறை. போய்ப் பார்த்து நான் ஓம் என்றால் ஓம், இல்லை என்றால் அம்மாவும் தங்கச்சி அருளும் லொட்ஜைக் காலி பண்ணிக்கொண்டு திரும்பவும் கிளாலிக் கடலால் ஊருக்கு வள்ளம் ஏறவேண்டும், போன கிழமைகூட அந்தத் தண்ணீரில் வைத்து நேவி சுட்டிருக்கிறான். இவ்வளவையும் என் தலையில் கட்டிவிட்டுத் தூர நிண்டு பாராம்.

கடை எனக்குப் புதிதில்லை, அதுதான் பகிடி. ஆஸ்பத்திரி கன்ரீனுக்கு வேலைக்குப் போகிற வழியில் நாளாந்தம் இதே பஸ்ஸிலிருந்து பார்க்கிற கடை, ஸ்றெதம் ஹை றோட் முழுக்க மங்கலாய்க் கிடக்க அது மட்டும் கலியாண வீடு மாதிரி வெளிச்சம் போட்டுக்கொண்டு நிற்கும், கண்ணாடிக்குள்ளே ஒரு பொம்மை, கருநீலக் கோட், பெரிய கொலர், இடுப்பு ஒடுங்கிக் கீழே விரிந்து, ஒரு சிவப்புச் சால்வை... இந்தக் கோட்டை நான் எத்தனை தரம் மனதுக்குள் போட்டுக்கொண்டு பூசைக்குப் போயிருக்கிறேன், என் மனுசன் பீற்றரிடம் சொன்னால் உம்மட்டைத்தானே ஒரு கோட் இருக்கு என்பார், இருக்கிறது, சேர்ச் சந்தையில் எடுத்த மண்ணிறக் கோட், யாரோ செத்துப்போன கிழவியுடையது என்று எனக்கு ஒரு எண்ணம், கையை உள்ளே விட்டால் நப்தலின் மணக்கும். அந்தக் கடைக்கு மனேச்சர் என்றால் எனக்கே ஒரு மதிப்பு வந்துவிட்டது, உண்மையைச் சொன்னால் என்ன. இறங்கி எதிர்ப்பக்கத்தில் நின்றேன், அம்மா சொன்னபடி தூரத்தில், பஸ்கள் மறைத்துக்கொண்டே போயின, குடை திரும்பிக் கவிழ்ந்தது, இந்த மழைக்குள் நின்று யாரைப் பார்க்கிறது, கடைக்குள் போகிற எல்லோரும் பொடியனைக் கட்டவா போகிறார்கள், சாமான் வாங்கப் போகிறார்கள், நானும் ஒரு கோட் பார்க்கப் போகிறேன், அவ்வளவுதான். றோட்டைக் கடந்தேன்.

கதவு தானாகத் திறந்தது, சூடான காற்று முகத்தில் அடித்தது, ஆனால் அந்த மணம்... புது றப்பர்ச் செருப்பும் ஈரக் கார்ப்பெற்றும் சேர்ந்த மணம். இதுவா அந்தக் கடை. மேலே ரியூப்லைற் ஒன்று சாகப்போகிற மாதிரி இமைத்துக்கொண்டிருந்தது, உடுப்புகள் றாக்கில் கை நுழைக்க இடமில்லாமல் நெரிபட்டு, பாதி நிலத்தில், ஒரு வெள்ளைக்காரக் கிழவி ஒரு பிளவுசை மிதித்துக்கொண்டே போனாள். அந்தக் கருநீலக் கோட்டைத் தேடி இழுத்தால் அது துணியோ கடதாசியோ, தூக்கினால் பாரமே இல்லை, உள்துணி நகத்தில் பட்டுக் கீச்சென்றது, மேல் பொத்தான் ஒற்றை நூலில் தொங்கியது, நான் தொட்டதும் அதுவும் கையோடு வந்துவிட்டது, யாரும் பார்த்தார்களோ என்று பொக்கெற்றுக்குள் போட்டேன். அப்படியென்றால் கண்ணாடிக்குள் நிற்கிறது எது, அது வேறு கோட்டா என்று பொம்மையின் பின்பக்கமாகப் போய் எட்டிப் பார்த்தேன். முதுகு முழுக்கக் கிளிப். உடுப்புக் காயப்போடுகிற சாதாரணக் கிளிப், தோளிலிருந்து இடுப்புவரை, துணியைக் கொத்தாகப் பிடித்துப் பிடித்துக் கவ்வியிருந்தது, கைகளுக்குள் பத்திரிகைக் கடதாசியை அடைத்திருந்தார்கள். இதையா இத்தனை நாள் பஸ்ஸிலிருந்து... ஏமாந்தது கோட்டுக்காக என்றாலும் முகம் சுட்டது, யாரோ என்னைப் பெயர் சொல்லி ஏசிவிட்ட மாதிரி.

இந்த ஆத்திரத்தில் நிற்கும்போதுதான் அவரைக் கண்டேன். அனுப்பின படத்தில் சாம்பல் சூட், இதே கடையின் கண்ணாடிக் கதவில் சாய்ந்து ஒரு கை பொக்கெற்றில், இங்கே முழங்காலில் இருந்து பெட்டி வெட்டிக்கொண்டிருக்கிறார், கடைப் பேர் போட்ட ரீசேட், முழங்கை முழுக்கத் தூசி. சுயிங்கம் மென்றுகொண்டிருந்த ஒரு சின்னப் பெட்டை, பதினெட்டு வயது இருக்குமோ, றே, அந்தப் பெட்டி எல்லாம் மேலே போகவேண்டும் என்று இங்கிலீசில் கத்தினாள், ஞானரட்ணம் இங்கே றே போலிருக்கிறது, மனேச்சர் என்று சட்டையில் குத்தியிருந்தது அவள்தான். அந்தச் சூட் எங்கே என்று பார்த்தேன், ஆம்பிளையள் பக்கத்தில் முதல் றாக்கில் விலைச்சீட்டோடு தொங்கியது. பாவியள், எவ்வளவு துணிச்சல். ஒரு குடும்பத்தின் தலையில் மிளகாய் அரைக்கிறதென்றால் இப்படியா, அங்கே அருள் பொலிஸ் செக்கிங்குக்குப் பயந்து அறையை விட்டு வெளியே வராமல் கிடக்கிறாள், இவர்கள் விலைச்சீட்டை உள்ளே மடித்துவிட்டுப் படம் எடுக்கிறார்கள், இரவு அம்மா ரெலிபோன் எடுக்கட்டும், ஒரே சொல்லில் முடிக்கிறேன், செபஸ்தியாம்பிள்ளை அண்ணைக்கும் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய இருக்கிறது... கோட்டைத் தொங்கவிட்டுவிட்டுத் திரும்பினேன், அவர் எழும்பி எனக்குப் பக்கத்தில் நிற்கிறார்.

“அக்கா, அதை எடுக்காதையுங்கோ” என்றார், மெதுவாக, அந்தப் பெட்டைக்குத் தமிழ் விளங்காது என்று தெரிந்தும் மெதுவாக. “ஒரு தரம் தோய்ச்சாத் தையல் விட்டிடும். கீழ போனீங்களெண்டா ஒரு பழங்கடை இருக்கு, பழசெண்டாலும் கம்பளி.” எனக்குக் கோபம் வந்த வேகத்துக்கு இது ஒரு முட்டுக்கட்டை. அக்கா எந்த இடம் என்று கேட்டார், நோர்பரி என்றால் பொம்பிளையின் அக்கா என்று பிடிபட்டுவிடும், டூட்டிங் என்றேன், ஊர் என்று கேட்டார், மானிப்பாய் என்றேன், கழுத்துச் சிலுவையை மவ்ளருக்குள் தள்ளிக்கொண்டு, ஏன் மானிப்பாய் வந்தது என்று இன்னும் தெரியாது. தம்பி இங்கை மனேச்சரோ என்று கேட்டுவிட்டேன், வாய் சும்மா இருந்தால்தானே. சிரிக்கவில்லை அவர். “அப்பிடித்தான் ஒராள் வெளியில சொல்லிப்போட்டார் அக்கா. எனக்குக் கலியாணம் பேசுகினம். பொம்பிளை வீட்டுக்காரர் மறைப்பு ஒளிப்பு இல்லாத சனமாம், உள்ளதைச் சொல்லித்தான் கதைக்கினமாம், நான் பெட்டி தூக்கிறனெண்டு எப்பிடிச் சொல்லுறதெண்டு தெரியாமல் நித்திரை வருகுதில்லை” என்றார். முன்பின் தெரியாத மானிப்பாய் அக்காவிடம் சொல்லலாம், சொந்த அக்காவிடமென்றால் சொல்லியிருக்க மாட்டார். இவரிடம் இனி என்ன கோபிக்கிறது. நல்ல பொடியன், அருளுக்கு நல்ல பொடியன், பெட்டி தூக்கினால் என்ன, பீற்றர் பெற்றோல் செட்டில் இரவிரவாய் நிற்கவில்லையா... மனம் லேசாகிவிட்டது, அந்த லேசு ஒரு நிமிசம் இருந்திருக்கும்.

ஒரு உதவி செய்வீங்களோ அக்கா என்று உள்ளே ஓடிப்போய் ஒரு பையைக் கொண்டுவந்தார், சிவப்புக் கம்பளிக் கோட், இந்தக் கடையதில்லை, நல்ல கடையது, தடவினாலே தெரிந்தது. பிள்ளை வந்து இறங்கேக்கை குளிரும், திங்கட்கிழமை கொழும்புக்குப் போற ஒராளிட்டைக் குடுத்துவிடப் போறன், அளவு சரிவருமோ தெரியேல்லை, பொம்பிளையளுக்குத்தானே இது தெரியும், படத்தைப் பாத்துச் சொல்லுங்கோ... பேர்ஸைத் திறந்து படத்தை நீட்டினார். வாங்கினேன். படத்தில் அருள் இல்லை. படத்தில் நான். யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரி வீதி ஸ்ரூடியோவில் எடுத்தது, பின்னால் கீறின குளமும் தென்னையும், பிரம்புக் கதிரையில் ஒரு கை, அம்மாவின் மாம்பழப் பட்டு, மேல்கொண்டை, பீற்றர் வீட்டுக்கு அனுப்பவென்று எடுத்த என்னுடைய படம், அதில் ஒரு பிரதி அம்மாவின் றங்குப் பெட்டிக்குள் கிடந்தது, குண்டுக்குள்ளும் அதைக் கொண்டு திரிந்திருக்கிறாள். அருளுக்கு அப்பாவின் நிறம், அப்பாவின் நெடுத்த உடம்பு, மேல்பல்லும் கொஞ்சம் முன்னுக்கு, முதல் வந்த சம்பந்தங்கள் படம் போனதோடு நின்றுபோனது எனக்குத் தெரியும், அதற்காக... அம்மா, அதற்காக இதையா செய்தாய். மறைப்பு ஒளிப்பு இல்லாத சனம். அருளுக்குத் தெரியுமா, அருளே றங்குப் பெட்டியைத் திறந்து எடுத்துக் கொடுத்தாளா, அல்லது ஒன்றும் தெரியாமல் அவர் கோட்டுக்குக் காத்திருக்கப் போகிறாளா. தூர நிண்டு பார், கதைக்காதை... அதுக்குத்தானா அம்மா, நல்ல குடும்பத்துப் பெண் என்ற கதையெல்லாம் இந்தப் படத்துக்குத்தானா.

ஓடவேண்டும் என்றுதான் முதலில் வந்தது. இதோ நிமிர்ந்து பார்க்கப் போகிறார், படத்தைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார், முடிந்தது, அருளின் கலியாணம் இந்த ஈரக் கார்ப்பெற்றில் வைத்து முடிந்தது, கிளாலித் தண்ணீர்... நிமிர்ந்து பார்த்தார். நேராக முகத்தைப் பார்த்தார், ரியூப்லைற் என் முகத்துக்கு மேலேதான், ஒளிக்க ஒரு நிழல்கூட இல்லை. “வடிவான பிள்ளை என்ன அக்கா” என்றார். உங்களிலை ஒருக்கா வைச்சுப் பாக்கட்டே என்று கேட்டுக் கோட்டை என் தோளில் பிடித்தார், முன்பக்கம் ஒன்றோடு ஒன்று எட்டவே இல்லை, படத்தையும் என் இடுப்பையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மரியாதைக்காரப் பொடியன், கண்ணைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார், “உங்களுக்கு இறுக்கம்தான், ஆனா அந்தப் பிள்ளை மெல்லிசு.” கழுத்தில் இருந்த மருகூட அதே இடத்தில்தான் இருக்கிறது, படத்திலும் இருக்கிறது, மவ்ளர் மறைத்ததா, அது மறைத்தாலும் கண், மூக்கு, நெற்றி... சொல்லிவிடவா, தம்பி இது அவளில்லை என்று சொல்லிவிடவா. நாக்கு நுனிவரை வந்தது, பிறகு வந்தது வேறு. “கை நீளம் காணாது தம்பி. இதைவிட ஒரு சைஸ் நீட்டாய் எடுங்கோ, பிள்ளை கொஞ்சம் உயரமாயிருக்கும்” என்றேன். படத்தைத் திரும்பப் பார்த்தார், “படத்தில அப்பிடித் தெரியேல்லையே” என்றார். “படத்தில உயரம் தெரியாது.” ஓம் ஓம் என்று தலையாட்டி, படத்தைப் பேர்ஸுக்குள் பத்திரமாக வைத்து, நாளைக்கே மாத்திறன் அக்கா, பெரிய உதவி என்று கதவுவரை வந்து வழிவிட்டார்.

வெளியே மழை விடவில்லை. கண்ணாடிக்குள் அவள் கருநீலக் கோட்டோடு அசையாமல் நின்றாள், முன்னால் இருந்து பார்த்தால் இப்போதும் வடிவுதான், கிளிப் தெரிந்த பிறகும் வடிவுதான், என்ன அநியாயம். பஸ் நிறுத்தத்தில் நின்று பொக்கெற்றுக்குள் கையை விட்டால் அந்தப் பொத்தான், அதை விரலுக்குள் வைத்து உருட்டிக்கொண்டு நின்றேன். இரவு அம்மா எடுப்பாள், பக்கத்தில் அருளும் நிற்பாள், பொடியன் எப்பிடி என்று கேட்பாள், ஓம் என்றால் அருள் பிழைத்துவிடுவாள், பிறகு ஹீத்ரோவில் ஒரு நாள் கதவு திறக்கும், நீளக் கைகளோடு அவள் சிவப்புக் கோட்டில் வருவாள், அவர் படத்தில் உள்ளவளைத் தேடுவார், அவருக்குப் பக்கத்தில்தானே நான் நிற்பேன்... அதற்கு முன்னால் யார் சொல்வது, நானா, அம்மாவா. ஆனால் இதை எல்லாம் கேட்க முதல் அம்மா வேறொன்று கேட்பாள், தூர நிண்டுதானே பாத்தனி, கிட்டப் போகேல்லைத்தானே என்பாள், திரும்பத் திரும்பக் கேட்பாள், அந்தப் பயம் எதற்கென்று இப்போது எனக்குத் தெரியும். கிட்டத்தான் போனேன் அம்மா. கோட்டை என் தோளில் வைத்து, படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். நீ வீணாகப் பயந்துவிட்டாய்.