அரைச் சுற்றுக் குறைவு

1998ஆம் ஆண்டு ஆடி மாதக் குளிர்காலத்தில், மெல்பேர்னுக்கு வடகிழக்கே உள்ள பனிமலை ஒன்றில் சிறி ஓட்டிக்கொண்டு போன பழைய ஸ்னோமொபைல் நிலத்தை விட்டு எழும்பி, மரங்களுக்கு மேலே போய், பிறகு இறங்கவேயில்லை. மலையில் நின்ற எல்லோரும் அதைப் பார்த்தார்கள். சிலர் படம் எடுத்தார்கள், மற்றவர்கள் குளிர் தாங்காமல் கோப்பி குடிக்கப் போய்விட்டார்கள். சிறியின் அக்கா புருஷன் நித்தியானந்தன் மட்டும் கையில் ஸ்குறூட்றைவருடன் அண்ணாந்தபடி நின்றார். பிழை எங்கே என்று சத்தத்தைக் கேட்ட உடனேயே அவருக்கு விளங்கிவிட்டது.

நித்தியானந்தன் யாழ்ப்பாணத்தில் மோட்டார் சைக்கிள் திருத்தியவர். பொருளாதாரத் தடைக் காலத்தில் அங்கே பெற்றோலை மருந்துப் போத்தலில் விற்றார்கள். அதில் நாலு துளியைக் காபரேற்றருக்குள் விட்டு எஞ்சினை எழுப்பிவிட்டு, மிச்சத் தூரத்தை மண்ணெண்ணெயில் ஓட்டுவார்கள். எஞ்சினைப் பட்டினி போட்டும் ஓட வைக்கிறவன்தான் அந்த நாட்களில் நல்ல மெக்கானிக். நித்தியானந்தன் அந்த வித்தையில் ஊரிலேயே பேர் எடுத்தவர். 1993இல் மனைவி யோகாவுடன் மெல்பேர்னின் புறநகரான ரோவிலில் வந்து குடியேறிய பிறகு, தெருமுனைக் குழாயில் எவ்வளவு கேட்டாலும் பெற்றோல் வந்தது. அவருடைய கைக்கு மட்டும் அதை யாரும் சொல்லவில்லை.

ஸ்னோமொபைல் என்பது பனியில் ஓடுகிற வண்டி. முன்னால் இரண்டு சறுக்குக் கட்டை, பின்னால் றப்பர்ப் பட்டி. இது 1971இல் செய்தது. மலையில் விடுதி வைத்திருந்த கிழவர் ஒருவர், இழுத்தால் எழும்புகிறது, இரண்டு முறை இருமிவிட்டுச் செத்துப்போகிறது என்று அலுத்துப்போய் இதை நித்தியானந்தனிடம் தள்ளிவிட்டார். அவர் காபரேற்றரைக் கழற்றிக் குசினியில் சாப்பாட்டு மேசையில் பரப்பினார். யோகா கத்தினாள். உள்ளே பழைய பெற்றோல் பிசினாகிக் கிடந்தது. பெற்றோலை உறிஞ்சித் தருகிற மெல்லிய றப்பர்த் தகடு அப்பளமாக விறைத்திருந்தது. அதை மாற்றி, ஓட்டைகளைக் கழுவி ஊதிப் பூட்டியதும் எஞ்சின் ஓடத் தொடங்கியது. மிஞ்சியது பெற்றோலின் அளவை வைக்கிற திருகாணிதான். வலப்பக்கம் முறுக்கினால் பெற்றோல் குறையும், இடப்பக்கம் விட்டால் கூடும். குளிரில் காற்றுத் தடிப்பு, பெற்றோலும் கூடத் தேவை, மலையில் அரைச் சுற்று இடப்பக்கம் விடு என்று கிழவர் படித்துப் படித்துச் சொன்னார். நித்தியானந்தன் தலையை நன்றாகத்தான் ஆட்டினார். மலையில் அவருடைய கை வலப்பக்கம் முறுக்கியது.

பெற்றோல் குறைந்த எஞ்சின், கைப்பிடியை விட்ட பிறகும் வேகம் இறங்காமல் கத்திக்கொண்டு நிற்கும். மெக்கானிக்குகள் எல்லோரும் அறிந்த நோய் இது. சிறி ஏறிய அன்று இது கொஞ்சம் கூடிப்போய், எஞ்சினோடு சேர்ந்து வண்டியும் இறங்கவில்லை.

சிறி யோகாவின் ஒரே தம்பி. இரண்டு வருடத்துக்கு முன் வந்து அகதி வழக்குப் போட்டுவிட்டு, பின் அறையில் இருந்தவன். வண்டி எழும்பி மூன்றாவது வாரம் அவன் ரோவிலுக்கு மேலே வந்து சேர்ந்தான். அதன் பிறகு சனிக்கிழமைகளில் வீட்டைச் சுற்றிப் போனான். யோகா பழம் பறிக்கிற கம்பில் சோற்றுப் பொதியைக் கட்டி நீட்டினாள். "எல்லாத்திலயும் இறுக்கிப் பிடிச்சு என்ர தம்பியை ஆகாயத்தில விட்டிட்டியள்" என்று ஒரு முறை புருஷனிடம் சொன்னாள். அதோடு அவரோடு கதைப்பதை நிறுத்திவிட்டாள். ஒரு தாங்கிப் பெற்றோல் மாதக்கணக்காக முடியாமல் இருப்பதைப் பார்த்துத் தெருச் சனம் மூக்கில் விரல் வைத்தது. நித்தியானந்தனுக்கு அந்தப் புகழ் நெருப்பாகச் சுட்டது. கூரையில் ஏறி நின்று, "தம்பி, இடப்பக்கம் அரைச் சுற்று விடு, இறங்கும்!" என்று தொண்டை கிழியக் கத்தினார்.

அடுத்த வருடம் வழக்குத் தோற்றது. சிறியைத் திருப்பி அனுப்ப இரண்டு அதிகாரிகள் வந்தார்கள். முற்றத்தில் நின்று மேலே பார்த்தார்கள், கூப்பிட்டார்கள், கழுத்து நோகத் திரும்பிப் போனார்கள். இறங்கினால் பிடிப்பார்கள் என்று ஆனதும் நித்தியானந்தன் கத்துவதை விட்டார். அவருடைய பிழைதான் இப்போது பையனைக் காப்பாற்றியது. அதற்காக யோகா அவரை மன்னித்துவிடவில்லை.

2009இல் போர் முடிந்தது. யோகாவின் தாயும் சொந்தங்களும் இருந்த வன்னிக் கிராமத்திலிருந்து செய்தியே வரவில்லை. அதிகாரிகளில் ஒருவர் தொலைபேசியில் வந்து, இனிமேல் அங்கே சண்டை இல்லை, சிறி நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம் என்று அன்பாகச் சொன்னார். அவர் சொன்ன வீடு எது என்று யோகா கேட்கவில்லை. அழுதுகொண்டே தொலைபேசியை வைத்தாள்.

அந்தக் குளிர்காலத்தில் ஒரு சனிக்கிழமை எஞ்சின் சத்தம் மாறி வந்தது. தடிப்பாக, சீராக, ஒரு இருமல்கூட இல்லாமல் வந்தது. திருகாணியைச் சிறி தானே திறந்துவிட்டான் என்று நித்தியானந்தன் அறிந்து வெளியே ஓடினார். வண்டி இறங்கி, உடுப்புக் காயப்போடும் கொடியின் உயரத்தில் நின்றது. சிறியின் தலை பாதி நரைத்திருந்தது.

"இறங்கடா தம்பி, சோறு சூடா இருக்கு" என்றாள் யோகா.

"எங்கை அக்கா இறங்கிறது? இஞ்சை இறங்கினா ஏத்தி அனுப்புவினம். அங்கை இறங்க ஆர் இருக்கினம்?"

யோகா புருஷனைப் பார்த்தாள். பதினொரு வருடத்துக்குப் பிறகு முதல் முறையாக அவரிடம் வாய் திறந்தாள். "வண்டி சரியாத்தானே ஓடுது?"

"ஓம்" என்றார் நித்தியானந்தன். "வண்டியில ஒரு பிழையும் இல்லை."

சரியாக ஓடுகிற எஞ்சின் சரியாகக் குடிக்கும். தாங்கி வற்றியிருந்தது. அவர் கராஜிலிருந்து பெற்றோல் கான் எடுத்துவந்து, ஏணியில் ஏறி வாய் வரைக்கும் ஊற்றினார். "போட்டு வாறன் அத்தான்" என்று சிறி மேலே போனான். இப்போது ஒவ்வொரு சனிக்கிழமையும் புருஷனும் பெஞ்சாதியும் ஒரே காரில் போய்ப் பெற்றோல் வாங்கி வருகிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் சிறி பெற்றோலுக்கு இறங்கும் நேரத்துக்கு முன்னமே தங்கள் உடுப்புகளைக் கொடியிலிருந்து எடுத்துவிடுகிறார்கள், புகை படியும் என்று.