நிறுத்தத் தெரியாத கதைப்பெட்டி

நான் பட்டறை வாத்தியார். மரம், இரும்பு, கம்பி, மோட்டார், இவற்றோடுதான் என் பிழைப்பு. காயலோரத்து ஊரான அன்லோகாவின் மேல்நிலைப் பள்ளியில் பதினாறு வருடமாக இருக்கிறேன். இந்தப் பதினாறு வருடத்தில் ஒரு கதைப் புத்தகத்தை முழுதாகப் படித்ததில்லை, அதற்காக வெட்கப்பட்டதும் இல்லை. என் வகுப்பில் ஒரே ஒரு சட்டம்தான். நான் பேசும்போது குறுக்கே யாரும் வாய் திறக்கக் கூடாது.

அப்படிப்பட்டவனை இலக்கிய வகுப்புக்குள் இழுத்துவிட்டது காஃபுயி. இலக்கிய டீச்சர். என்னைவிடப் பத்து வயது சின்னவள், பிடிவாதத்தில் என் அம்மாவுக்கு மேல்.

"டோட்சே அண்ணே, ஒரு உதவி வேணும்."

"என்ன, அலமாரிக் கீல் மறுபடியும் போச்சா?"

"கீல் நல்லாத்தான் இருக்கு. நண்டு கதைய மெஷினா செய்யணும்."

"உனக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?"

அவள் என் முக்காலியில் உட்கார்ந்துகொண்டாள். அப்படி உட்கார்ந்தால் லேசில் எழ மாட்டாள் என்று தெரியும். அவளுடைய இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகள் பரீட்சையில் 'நண்டு கெட்டவன், ஆமை நல்லவன்' என்று எழுதிவிட்டுப் பேனாவை மூடிவிடுகிறார்களாம். ஏன் கெட்டவன் என்று ஒருவரும் யோசிப்பதில்லையாம். அந்த நண்டைத் தாங்களே செய்து நடக்கவைத்தால், எதற்காக நடக்கிறான் என்று கேட்டுத்தானே ஆகவேண்டும் என்றாள்.

தலைமையாசிரியர் அக்போட்சாவிடம் பேசி, புதன்கிழமைகளில் இரண்டு பீரியட் வாங்கிவிட்டாள். அவர் கணக்கு வாத்தியாராக இருந்து மேலே போனவர். கணக்கில் நம் பள்ளி சறுக்கிக்கொண்டிருக்கிறது, அந்த இரண்டு பீரியடையும் கணக்குப் பயிற்சிக்குக் கொடுக்கவேண்டும் என்பது அவர் ஆசை. "ஒரு பருவம் தர்றேன். பெற்றோர் தினத்துல பாத்துட்டு முடிவு சொல்றேன்" என்று சொல்லியிருந்தார்.

"அவர் முடிவு இப்பவே தெரியுதே" என்றேன்.

"அதான் உங்ககிட்ட வந்தேன்" என்றாள் காஃபுயி.

கதை சின்னதுதான். ஊர் மத்தளம் நண்டின் பொறுப்பில் இருக்கிறது. சாவு வீட்டுக்கு வேண்டும் என்று ஆமை வந்து கேட்கிறது. தோல் காய்கிறது, கயிறு மாற்றுகிறேன், தச்சனிடம் இருக்கிறது என்று நண்டு மூன்று தடவை பொய் சொல்லிவிட்டு வளைக்குள் போய்விடுகிறது. கடைசியில் மழை பெய்து வளையில் தண்ணீர் ஏற, மத்தளம் ஊர் பார்க்க மிதந்து வெளியே வருகிறது. தோல் கிழிந்திருக்கிறது. நண்டின் கொடுக்குப் பட்டுக் கிழிந்தது.

இதற்கு நான் யோசித்தது ஒரு பெட்டி. அதற்குள் மேடும் பள்ளமுமாக வெட்டிய பலகைச் சக்கரங்கள் ஓர் அச்சில் சுற்றும். மேடு வரும்போது பொம்மை நகரும், பள்ளம் வரும்போது திரும்பும். நண்டின் சக்கரத்தை வெட்ட நான் ரம்பத்தை எடுத்தேன்.

"சார், இருங்க" என்றாள் எலினாம். எப்போதும் பென்சிலைக் கொண்டையில் செருகியிருக்கும் பெண். "அவன் பேராசைல பொய் சொல்றானா, வெக்கத்துல சொல்றானா?"

"எனக்கு எப்படித் தெரியும்? மேட்ட எங்க வெட்டணும்னு மட்டும் சொல்லு."

"அதத்தான் சார் கேக்கறேன். பேராசைன்னா மெதுவா, தெம்பா உள்ள போவான். வெக்கம்னா வெடுக்குன்னு போவான்."

வகுப்பு இரண்டாகப் பிரிந்து கத்தியது. என் பட்டறையில் அப்படிச் சத்தம் கேட்டதே இல்லை. கோபத்தோடு ரம்பத்தைக் கீழே வைத்தேன். வைத்த பிறகுதான் உறைத்தது, நானும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். மத்தளத்தைக் கிழித்துவிட்டு எப்படி வெளியே சொல்வான் அவன்? மேட்டின் சரிவைச் செங்குத்தாக வெட்டினேன். நண்டு வெடுக்கென்று வளைக்குள் ஓடியது. "அய்யோ பாவம்" என்றது மொத்த வகுப்பும். அன்று முதல் புதன்கிழமை எப்போது வரும் என்று காத்திருக்க ஆரம்பித்தேன். இதைக் காஃபுயியிடம் சொல்லவில்லை.

பிறகு நான் செய்ததுதான் கோளாறு. எலினாம் கைப்பிடி வைத்துச் சுற்றலாம் என்றாள். கைப்பிடியா? நான் இருக்கும்போதா? ஓடாமல் கிடந்த வேனிலிருந்து கண்ணாடி துடைக்கும் மோட்டாரைக் கழற்றினேன். மோட்டார் சைக்கிள் பேட்டரி. கதையைப் போனில் பதிவுசெய்து, பொம்மைகளோடு விநாடி பிசகாமல் பொருத்தினேன். ஸ்விட்ச் ஒன்று தகராறு செய்தது. அதைத் தூக்கி எறிந்துவிட்டு ஒயரை நேராகச் சேர்த்துவிட்டேன்.

"சார், இது எப்படி நிக்கும்?" என்று கேட்டாள் எலினாம்.

"கதை முடிஞ்சா நிக்கும்."

"நடுவுல?"

"நடுவுல எதுக்கு நிக்கணும்? மெஷின்னா ஆரம்பிச்சத முடிக்கணும்."

அவள் மேற்கொண்டு பேசவில்லை. என் சட்டம் அப்படி. வாரக்கணக்கில் அந்தப் பெட்டியை எல்லோரும் வாய்மூடிப் பார்த்தோம். ஒருத்தருக்காவது உறைத்திருக்க வேண்டும். காஃபுயிக்குக்கூட உறைக்கவில்லை.

பெற்றோர் தினத்தன்று மண்டபத்தில் நிற்க இடமில்லை. சின்ன வெங்காயப் பாத்தியிலிருந்து நேராக வந்தவர்கள், காயலில் வலை போட்டுவிட்டு வந்தவர்கள். முன்வரிசையில் பெற்றோர் சங்கத் தலைவி யாவா. சுட்ட மீன் வியாபாரம். ஊரே அவரை டாவி, அதாவது அக்கா என்றுதான் கூப்பிடும். பக்கத்தில் தலைமையாசிரியர், மடியில் நோட்டு.

"கதை சொல்லட்டுமா?" என்றது பெட்டி.

"வரட்டும்!" என்றது மண்டபம்.

ஆமை வந்தது. நண்டு முதல் பொய் சொன்னது, இரண்டாவதும் சொன்னது. டாவி யாவா இடுப்புத் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு எழுந்தார்.

"நிறுத்து! அன்னிக்கு நானும் அங்க இருந்தேன்!"

எங்கள் ஊரில் எவனும் ஒரு கதையை ஒரே மூச்சில் சொல்லி முடித்ததில்லை. கேட்பவர்களில் யாருக்காவது மனசில் பட்டால் எழுந்து, அன்னிக்கு நானும் அங்க இருந்தேன் என்பார்கள். சொல்பவன் நிறுத்தியே தீரவேண்டும். எழுந்தவர் பாட்டு எடுப்பார், எல்லோரும் பாடுவார்கள். முடிந்ததும் சொல்பவன் 'எங்க விட்டேன்?' என்று கேட்பான். சபை எந்த இடம் என்கிறதோ, அங்கிருந்துதான் கதை நடக்கும். பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். நாற்பத்தெட்டு வயதுக்காரன் மறந்துவிட்டு ஸ்விட்சைத் தூக்கி எறிந்திருக்கிறேன்.

டாவி பாடினார். மண்டபம் கை தட்டிப் பாடியது. பெட்டி தன் பாட்டுக்குக் கத்திக்கொண்டு போனது. பாட்டு பாதியில் இருக்கும்போதே மூன்றாவது பொய், மழை, மிதக்கும் மத்தளம், எல்லாம் முடிந்துகொண்டிருந்தது. டாவி பாட்டை நிறுத்திவிட்டு இடுப்பில் கைவைத்தார்.

"யாருய்யா இது, பெரியவங்க பாடும்போது குறுக்க பேசறது? இத வளத்தது யாரு?"

மண்டபம் சிரித்த சிரிப்பில் கூரை அதிர்ந்தது. தலைமையாசிரியர் நோட்டில் என்னவோ எழுதினார். காஃபுயி முகத்தில் ரத்தமே இல்லை. நான் மேடைக்கு ஓடி ஒயரைப் பிடுங்கினேன். பொறி பறந்து விரல் சுட்டது. மோட்டார் நின்றது. போன் மட்டும் பேசிக்கொண்டே இருக்க, எலினாம் அதன் வாயை அடைத்தாள். பிறகு பைக்குள்ளிருந்து ஒரு சைக்கிள் பெடலை எடுத்தாள். அச்சில் மாட்டுவதற்கு ஏற்றபடி துளை போட்டிருந்தது.

"எப்ப செஞ்ச இத?"

"நீங்க கஞ்சி குடிக்கப் போனப்ப, சார்."

மோட்டார் பெல்ட்டைக் கழற்றிவிட்டுப் பெடலை மாட்டினாள். "டாவி, பாட்டு பாதில நிக்குது. நீங்க பாடுங்க" என்றாள். டாவி விட்ட இடத்திலிருந்து எடுத்தார். எலினாம் பெடலை முன்னும் பின்னும் அசைக்க, நண்டும் ஆமையும் பாட்டுக்கு ஆடின. பாட்டு முடிந்ததும் அவளே சபையைப் பார்த்துக் கேட்டாள்.

"எங்க விட்டேன்?"

"ரெண்டாவது பொய்ல!"

அங்கிருந்து எலினாமே வாயால் கதை சொல்லிக்கொண்டு பெடலைச் சுற்றினாள். அதன் பிறகு நான்கு தடவை கதை நின்றது. நண்டு வெடுக்கென்று உள்ளே ஓடியபோது ஒரு மீன்காரர் "திருட்டுப் பய!" என்றார். பின்வரிசையிலிருந்து ஓர் அம்மாள் எழுந்து, "திருட்டு இல்லய்யா, வெக்கம்! ஓடுறத பாத்தா தெரியல?" என்று சண்டைக்குப் போனார். காஃபுயி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஒரு பருவம் முழுக்க அவள் கேட்க ஆசைப்பட்டது இந்தச் சண்டையைத்தான்.

தலைமையாசிரியர் மைக்குக்கு வந்தார். நோட்டைப் பிரித்தார்.

"ரொம்ப சந்தோஷம். பிள்ளைங்க நல்லா செஞ்சாங்க. ஆனா மெஷின் பாதில நின்னுபோச்சு, எல்லாரும் பாத்தீங்க. கணக்கு மார்க்கும் உங்களுக்குத் தெரியும். அதனால, அடுத்த பருவத்துலேருந்து புதன்கிழமை அந்த ரெண்டு பீரியடும்..."

காஃபுயி தலையைக் குனிந்துகொண்டாள். எலினாம் பெடலைக் கழற்ற ஆரம்பித்தாள். அந்தக் கை பெடல்மேல் போனதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. தப்பு அவளுடையது இல்லை, என்னுடையது. எழுந்து நின்றேன்.

"நிறுத்துங்க ஐயா! அன்னிக்கு நானும் அங்க இருந்தேன்!"

சொல்லிவிட்டேன். இனிப் பாடவேண்டும். வாழ்நாளில் நான் பாடியதில்லை. வலை இழுக்கும் பாட்டு ஒன்றுதான் வாயில் வந்தது, அதுவும் ஆடு கத்துவதுபோல. இரண்டாம் வரியில் டாவி யாவா என்மேல் இரக்கப்பட்டுப் பாட்டைத் தன் கைக்கு எடுத்தார். மண்டபமே எழுந்தது. தலைமையாசிரியர் வாயைத் திறந்தார், மூடினார். அவரும் இந்த ஊர்க்காரர்தான். மூன்றாவது சுற்றில் அவர் செருப்பு தாளம் போட்டதை நான் பார்த்தேன்.

பாட்டு ஓய்ந்தது. அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, பழக்க தோஷத்தில் கேட்டுவிட்டார்.

"எங்க விட்டேன்?"

டாவி முதலில் எழுந்தார், மண்டபம் அவர் பின்னால் ஒரே குரலாக வந்தது.

"ரெண்டு பீரியடும் அப்படியே இருக்கட்டும்னு சொன்னீங்க!"

அவர் நோட்டைப் பார்த்தார். சபையைப் பார்த்தார். சபை சொன்ன இடத்திலிருந்துதான் தொடங்கியாகவேண்டும். நோட்டை மெதுவாக மூடினார்.

"அப்படியே இருக்கட்டும்" என்றார். "ஒரே ஒரு நிபந்தனை. டோட்சே இனிமே பாடக் கூடாது."