கெளுத்தி முள்

…இந்தக் கண்ணாடித் திரைக்கும் என் விரல் ஆகவில்லை, மூன்று தரம் அழுத்தியும் படம் நகரவில்லை, பின்னால் நின்ற குழந்தை எட்டி லேசாகத் தொட்டதும் கிரகமெல்லாம் சுற்ற ஆரம்பித்துவிட்டது, ரேஷன் கடை மெஷினும் இப்படித்தான், ரேகையே விழலம்மா, கைய தொடச்சிட்டு வை என்பான்… எதைத் துடைப்பது? இருபது வருஷம் ஏரிச் சேற்றில் எறால் தடவித் தேய்ந்த விரல், துடைத்தால் ரேகை வந்துவிடுமா? இவ்வளவு பெரிய அறிவியல் மையம், மாடி மாடியாக, எங்கே திரும்பினாலும் தொட்டுப் பாருங்கள், அழுத்திப் பாருங்கள் என்று பலகை, யாருடைய விரலை நினைத்து எழுதினார்களோ. நான் வந்திருக்கவே கூடாது. பள்ளிக்கூடத்துச் சுற்றுலாவுக்குத் துணையாக இரண்டு அம்மாக்கள் வேண்டும் என்று தெய்வசிகாமணி சார் கேட்டதும் தலையை ஆட்டினேனே, என்னைச் சொல்லணும்.

பஸ் திருப்பாலைவனம் தாண்டவில்லை, அதற்குள் என் மகள் வைஷ்ணவி காதோரம் வந்து, "எம்மா, யார்னா கேட்டா ஐஸ் கம்பெனிக்குப் போறேன்னு சொல்லு, இன்னா?" என்றாள். சரி என்றேன். ஐஸ் கம்பெனியாம்! பிடித்த எறாலைப் போடும் ஓலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, தண்ணீருக்குள் குந்தி, ரெண்டு கையாலும் சேற்றைத் துழாவி வளர்த்தது யாருக்காக? வாயிலேயே ஒன்று போடலாம் போல வந்தது. இவள் கால் ஏரியில் படக் கூடாது என்று வைராக்கியமாக இருந்தவள் நான், போன ஐப்பசியில் பத்து நாள் காய்ச்சலில் சுருண்டு கிடந்தபோதும் அனுப்பவில்லை, பக்கத்து வீட்டுச் செல்வம்மாள் கொடுத்தாள் என்று இவள் கொண்டுவந்த எறாலில்தான் தினமும் குழம்பு கொதித்தது.

அடுத்த கூடத்தில் ஒரு கறுப்புப் பெட்டி, கை நுழைகிற அளவுக்கு ஓட்டை, உள்ளே இருப்பதைப் பார்க்காமல் தடவிச் சொல்லணுமாம், பள்ளிக்கூடத்துப் பெண்பிள்ளைகள் ஒவ்வொருத்தியாகக் கையை விட்டு வீறிட்டுச் சிரித்தார்கள். வைஷ்ணவியும் விட்டாள், விட்ட வேகத்தில் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள், "ஐய, எனக்கு வேணாம்பா" என்று துப்பட்டாவில் துடைத்தாள். ஐயவாம்… இவளுக்குச் சோறு போட்ட வேலையே இதுதானே, இவர்களுக்கு விளையாட்டு, இவளுக்கு ஐய! வந்த கோபத்தில் எல்லாரையும் விலக்கிக்கொண்டு நானே கையை விட்டேன். ஒரு சங்கு, ஒரு கயிற்று முடிச்சு, அப்புறம் வழவழவென்று ஓர் உடம்பு, மீசை, முதுகில் விறைத்த முள்… நினைக்கக்கூட இல்லை, கட்டைவிரல் தானாகப் போய் மடக்கியது, படக். முள் கையோடு வெளியே வந்த பிறகுதான் பிளாஸ்டிக் கெளுத்தி என்று தெரிந்தது.

"எம்மா, தொட்டுப் பாக்கச் சொன்னா ஒடிச்சினு வர்ற, எங்கேந்துதான் வர்றீங்களோ!" என்று காவலாள் கத்தினான், கூடமே திரும்பியது. "ஏம்மா ஒடிச்சீங்க?" என்றார் சார். பதில் நாக்கு நுனியில் இருந்தது, ஆனால் ஐஸ் கம்பெனிக்காரிக்குக் கெளுத்தி முள் எப்படித் தெரியும்? அப்போதுதான் வைஷ்ணவி முன்னால் வந்தாள், முகம் சிவந்திருந்தது. "இன்னாத்துக்குக் கத்துறீங்க? கெளுத்தி கையில பட்டா மொதல்ல முள்ள ஒடிக்கணும், இல்லாங்காட்டி குத்திடும், ரெண்டு நாளைக்கு அக்குள் வரைக்கும் விண்ணு விண்ணுனு தெறிக்கும். எங்கம்மா ஏரில எறால் தடவுறவங்க."

சொல்லிவிட்டாள், அத்தனை பிள்ளைகள் முன்னால், எனக்குக் கண் கலங்கியது. ஒரு நொடிதான்… அக்குள் வரைக்கும் தெறிக்கும் என்று இவளுக்கு யார் சொன்னது? நான் சொன்னதில்லை, என்னை முள் குத்தியே வருஷக்கணக்காகிறது. அப்படியானால் பெட்டிக்குள்ளிருந்து வெடுக்கென்று இழுத்தாளே, அது அருவருப்பா, குத்து வாங்கிய பயமா? அவள் கையைப் பிடித்துத் திருப்பினேன், "உடும்மா" என்று இழுத்தாள், விடவில்லை. கட்டைவிரலடியில் மிளகளவு கறுத்த தழும்பு. பத்து நாள், பத்து நாளும் எறால், செல்வம்மாள் என்ன அவ்வளவு தாராளக்காரியா, நான்தான் ஒரு வார்த்தை கேட்டேனா… ஆத்திரம் அப்படியேதான் இருக்கிறது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை. அந்தப் பத்து நாளோடு நிறுத்தினாளா, இன்னும் போகிறாளா? அவள் விரல் நுனிகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தேன், ரேகை இருக்கிறதா என்று. சேற்றுக்குள் எறாலைக் கண்டுபிடிக்கிற என் விரல், இதை மட்டும் சொல்ல மாட்டேன் என்கிறது.