மாட்டி ரூவனிடமிருந்து வந்த மெட்டு

மாட்டி ரூவன் என்று ஒரு கிழவர் இந்த உலகத்தில் பிறக்கவே இல்லை. இது தெரிந்த ஒரே ஆள் டிம்ப்னா ஹெஹிர். ஆனால் கில்லவான் கோயில் பங்கில் அவரைத் தெரியாதவர்கள் யாருமில்லை. குடிசை மலைக்கு அந்தப் பக்கம் இருந்தது என்பார்கள். இடது காது மந்தம் என்பார்கள். அவருடைய சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனவர்களில் தங்கள் அப்பாவும் ஒருவர் என்று சத்தியம் பண்ணவும் ஆள் உண்டு.

எல்லாம் டிம்ப்னா செய்த வேலைதான். கல்யாணமான புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், மதுக்கடையில் நாலு பேர் சேர்ந்து வாசித்துக்கொண்டிருந்தபோது, கான்செர்டினா என்ற தன் சின்னத் துருத்தி வாத்தியத்தை மடியில் வைத்து அதுவரை யாரும் கேட்டிராத ஒரு மெட்டை வாசித்தாள். வாசித்து முடித்ததும், எல்லாரும் எப்போதும் கேட்கிற கேள்வியைக் கேட்டார்கள். யாரிடமிருந்து வந்தது? அந்த ஊரில் ஒரு பிள்ளையைப் பார்த்து எந்த வீட்டுப் பிள்ளை என்று கேட்பது மாதிரிதான் அது. கேட்காமல் விட மாட்டார்கள். 'நானே போட்டது' என்று சொன்னால் தொலைந்தது. பேரன் பேத்தி எடுக்கும்வரை கேலி ஓயாது. அதனால் டிம்ப்னா வாய்க்கு வந்த ஒரு பெயரைச் சொல்லிவைத்தாள். மாட்டி ரூவன், மலைக்கு அந்தப் பக்கம், வயசானவர், இப்போது உயிரோடு இல்லை.

அன்றைக்கே பக்கத்துப் பங்கின் பிடில்காரன் டாமி லிடன், "ஆமா, ஆமா, எனக்கு அவரைத் தெரியுமே" என்று சொல்லிவிட்டான். அதற்கப்புறம் அந்தப் பொய்க்குக் கை கால் முளைக்க எவ்வளவு நேரமாகும்?

ஊர் நம்பியதில் அவளுக்கு வருத்தமில்லை. அவள் கணவன் ஃபிளானும் நம்பினான். அதுதான் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. அந்த மெட்டு அவனுக்காகப் போட்டது. லண்டனில் கட்டிட வேலைக்குப் போயிருந்தவன், இனிமேல் போகவே மாட்டேன் என்று மூட்டை முடிச்சோடு வீடு திரும்பிய வாரம், அடுப்படியில் உட்கார்ந்து சந்தோஷம் தாங்காமல் போட்டது. அவனிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் ஃபிளான் வாயில் எதுவும் தங்காது. பொழுது சாய்வதற்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். அப்புறம் சொல்லலாம், அப்புறம் சொல்லலாம் என்று முப்பது வருஷம் போய்விட்டது.

ஃபிளானுக்கு அந்த மெட்டென்றால் உயிர். அதைவிட, கிழவர் யாருக்காக அதைப் போட்டாரோ அவள் மேல் அவனுக்கு ஒரு பொறாமை. "ரெண்டாவது பாகத்துல யாரோ ஓடி வர்றாங்க, கவனிச்சியா? கிழவன் யாரையோ நினைச்சு உருகியிருக்கான். அவ கொடுத்து வச்சவ. நமக்கெல்லாம் யார் மெட்டுப் போடப் போறா" என்பான். நவம்பரில் எல்லாரும் தங்கள் வீட்டில் இறந்துபோன ஆத்துமாக்களின் பெயரைப் பூசைக்குக் கொடுக்கும்போது, நாதியில்லாமல் போன மனுஷன் என்று மாட்டி ரூவன் பெயரையும் சேர்த்துக் கொடுப்பான். பங்குச்சாமியார் பாதர் மாலக்கி அதை உருக்கமாக வாசிப்பார். டிம்ப்னா தலையைக் குனிந்துகொள்வாள். பக்தி என்று மற்றவர்கள் நினைத்துக்கொள்வார்கள்.

இந்த வருஷம் கோயில் கூரை ஒழுகத் தொடங்கியது. சூசையப்பர் சுரூபத்தின் காலடியில் ஒரு வாளி வைக்க வேண்டியதாயிற்று. கூரைக்காக ஒரு கச்சேரி வைப்பதென்று பாதர் மாலக்கி முடிவு செய்தார். சும்மா வைத்தால் நம்மூர்க்காரர்கள்தான் வருவார்கள் என்று, மெட்டுகளுக்கு நடுவே கதை சொல்ல லோர்கன் டிவேனையே பிடித்துக்கொண்டு வந்துவிட்டார். தொலைக்காட்சியில் வருஷக்கணக்காகத் துப்பறிகிற போலீஸ்காரனாக வந்தவர். அவருடைய அம்மா இந்தப் பங்குக்காரி. கோயில் வாசலில் காரைவிட்டு இறங்கியதுமே ஆளாளுக்கு "வாங்க இன்ஸ்பெக்டர்" என்றார்கள். மனிதர் பாவம், பழகிப்போய்ச் சிரித்துக்கொண்டார்.

கடைசி உருப்படியாக மாட்டி ரூவன் மெட்டு. அதற்கு முன்னால் லோர்கன் கிழவரின் வாழ்க்கைக் கதையைச் சொல்லுவார். அப்புறம் டிம்ப்னா தனியாக வாசிப்பாள். வானொலிக்காரர்களும் பதிவு செய்ய வருவார்கள். இதைக் கேட்டதிலிருந்து டிம்ப்னாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மதுக்கடையில் பேசிக்கொள்வது வேறு, இது வேறு. லோர்கனின் குரல் ஒரு தடவை சொல்லி வானொலியிலும் வந்துவிட்டால், மெட்டு கிழவருக்கே நிலைத்துவிடும். ஃபிளான் சாகும்வரை யாரோ ஒருத்தியை நினைத்துப் பொறாமைப்பட்டுக்கொண்டே இருப்பான்.

ஒத்திகை முடிந்து தேநீர் குடிக்கும் நேரத்தில், லோர்கன் ஒரு முட்டை சாண்ட்விச்சோடு ஒவ்வொருவரிடமும் போய்க் கிழவரைப் பற்றி விசாரித்தார். கொட்டிவிட்டார்கள். பிடில் வாசிப்பார் என்றார் ஒருவர். இல்லை, புல்லாங்குழல் என்றார் இன்னொருவர். டாமி லிடன், சின்ன வயதில் தான் அவருக்கு அடுப்பெரிக்கச் சேற்று நிலத்தில் வெட்டிய கரிமண் கட்டி சுமந்து போனதாகவும், அவர் ஒரு மிட்டாய்கூடத் தராத கஞ்சர் என்றும் சொன்னான்.

கடைசியில் லோர்கன் பீடத்துக்குப் பின்னால் இருந்த அறைக்கு வந்து, டிம்ப்னாவுக்கு எதிரே உட்கார்ந்தார்.

"எல்லாரும் அவரைப் பத்தி ஒரு மூட்டை சொல்லிட்டாங்க. அவர்கிட்ட நேரா மெட்டு வாங்கினது நீங்க. நீங்க மட்டும் ஒண்ணுமே சொல்லலையே."

டிம்ப்னா கோப்பையைக் கீழே வைத்தாள்.

"நீங்க நிஜ போலீஸ் இல்லையே," என்றாள்.

"இல்ல. ஆனா இருபது வருஷமா அதே மூஞ்சியை வச்சுக்கிட்டுத்தான் பொழைக்கிறேன்."

அதற்குமேல் அவளால் அடக்க முடியவில்லை. லண்டன், அடுப்படி, ஃபிளான், நவம்பர்ப் பூசை எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். சொன்னபோது அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. வெளியே சொன்னால் அந்த இடத்திலேயே செத்துவிடுவேன், ஊர்க்காரர்கள் எல்லாரும் பொய்யர்களாகிவிடுவார்கள் என்று கெஞ்சினாள். லோர்கன் கொஞ்ச நேரம் யோசித்தார். கிழவருக்கு எதிராக ஒரு வார்த்தை பேச மாட்டேன் என்று கையடித்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

மாலையில் கோயில் நிரம்பி வழிந்தது. பாடகர் குழு பாடியது, பிள்ளைகள் ஆடினார்கள், டாமி லிடன் கேட்டதற்கு மேல் ஒரு மெட்டு அதிகமாக வாசித்தான். ஃபிளான் குலுக்கல் பரிசான பெரிய பன்றித்தொடைக்குக் காவலாகப் பின்சுவரோரம் நின்றுகொண்டிருந்தான். மழை பிடித்தது. வாளியில் சொட்டு விழுகிற சத்தம் எல்லாருக்கும் கேட்டது.

கடைசியில் லோர்கன் எழுந்தார். கையிலிருந்த தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"மாட்டி ரூவனைப் பத்தி இன்னைக்கு எல்லார்கிட்டயும் விசாரிச்சேன். பழக்கதோஷம்." கோயில் சிரித்தது. "பிடில்ங்கிறாங்க, குழல்ங்கிறாங்க, கஞ்சர்ங்கிறாங்க. ஆனா மனுஷன் ஒரு விஷயத்துல ரொம்ப நேர்மை. சாகிறவரைக்கும் ஒண்ணைச் சொல்லிக்கிட்டே இருந்திருக்கார். இந்த மெட்டு என்னோடது இல்லப்பா, மலைக்கு இந்தப் பக்கம் ஒரு பொண்ணுகிட்டேருந்து எனக்கு வந்துதுன்னு. லண்டன் போன புருஷன் ஒரேயடியா வீடு திரும்பின வாரம், அவனுக்காக அடுப்படியில உட்கார்ந்து அவ போட்டதாம். கூச்சத்துல என் பேரைச் சொல்லுவா, கேட்டா அவ பேரைத்தான் சொல்லணும்னாராம். அவ பேர் டிம்ப்னா ஹெஹிர்."

வாளியில் ஒரு சொட்டு விழுந்தது.

நாலாவது வரிசையிலிருந்து டாமி லிடன் எழுந்தான். "ஆமா. எங்கிட்டயே சொல்லியிருக்கார்," என்றான், முகத்தில் கொஞ்சமும் சலனமில்லாமல்.

அவ்வளவுதான். அங்கங்கே தலைகள் ஆடின. தங்கள் அப்பாவிடமும் சொல்லியிருக்கிறார் என்றது ஒரு குரல். பாதர் மாலக்கிகூட, முன்னமே தெரிந்தவர் மாதிரி கண்ணை மூடித் தலையசைத்தார்.

டிம்ப்னா கான்செர்டினாவை எடுத்தாள். யாரையும் பார்க்காமல் வாசிக்கத் தொடங்கினாள். முதல் பாகம் போயிற்று. இரண்டாவது பாகத்தில் தைரியம் வந்து தலையைத் தூக்கிப் பின்சுவரைப் பார்த்தாள். ஃபிளான் நிற்கவில்லை. பன்றித்தொடையை மடியில் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தான். முகமெல்லாம் ஈரமாக இருந்தது. அவள் இரண்டாவது பாகத்தை இன்னொரு தடவை வாசித்தாள்.

கூட்டம் கலைந்தபிறகு வாசலில் அவளுக்காகக் காத்துக்கொண்டிருந்தான். ஃபிளான் பேசாமல் நின்றதை அவள் அதற்கு முன்னால் பார்த்ததே இல்லை.

"ரெண்டாவது பாகத்துல ஓடி வர்றது," என்றான் கடைசியில், "நம்ம ஷெப் நாய்தானே?"

"ஆமா. உன்னை அடையாளம் தெரியாம முதல்ல குரைச்சுது. அப்புறம் ஓடி வந்துச்சு."

"வாசல் கேட்டு வரைக்கும்."

"கேட்டைத் தாண்டி."

ஃபிளான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நடக்கத் தொடங்கினான். பிறகு திடீரென்று நின்றான்.

"அப்போ மாட்டி ரூவன்?"

டிம்ப்னா தலையைக் குனிந்துகொண்டாள். அவள் முகத்தைப் பார்த்துப் பார்த்து அவனுக்கு மெதுவாக விளங்கியது.

"அடிப்பாவி. இத்தனை வருஷமா இல்லாத ஒரு ஆளோட ஆத்துமாவுக்குப் பூசை குடுத்திருக்கேனே. இந்த நவம்பர்ல நான் என்ன பண்றது?"

"இந்த வருஷமும் குடு," என்றாள் டிம்ப்னா, அவன் கையைக் கோத்துக்கொண்டு. "இன்னைக்கு அவர் நமக்குப் பண்ணினதை வேற யார் பண்ணியிருப்பா?"